மணலில் புதையாத சக்கரம்

அமெரிக்காவின் வட கரோலினா கரையில் மீன்பிடி பாலத்துக்கு வருகிறவர்களைப் பார்த்தால் பலருக்கும் கண் போவது தூண்டில் கோல் மேல்தான், அடுத்தது ரீல். எனக்கு முதலில் அவர்கள் சாமான் ஏற்றிவரும் கைவண்டியைப் பார்க்க வேண்டும். நல்ல கோல் வேண்டுமென்றால் கடையில் காசைக் கொடுத்து வாங்கிவிடலாம். வண்டியை அப்படி வாங்க முடியாது. வாங்கிய வண்டியும் இரண்டு பருவம் கழிந்தால் வாங்கியபடி இருப்பதில்லை. ஒரு குழாயைக் கூட்டியிருப்பார்கள், ஒரு தட்டைக் கழற்றியிருப்பார்கள், சக்கரத்தையே மாற்றியிருப்பார்கள். இவர் எந்த மீனைத் தேடி வந்திருக்கிறார், ராத்தங்குவாரா, இந்தக் கலையில் எவ்வளவு ஊறியவர் என்பதை அவர் வாயைத் திறக்கும் முன்பே வண்டி சொல்லிவிடும்.

மீன் பிடிப்பதற்கென்றே கடலுக்குள் பாலம் கட்டும் பழக்கம் அந்தக் கரையில் நூறாண்டு கண்டது. கியூர் பீச்சில் 1923-இல் ஒன்று எழுந்தது. நாக்ஸ் ஹெட் ஊரின் ஜெனட்ஸ் பாலம் 1939-இல் மரத்தில் கட்டப்பட்டது. 2003-இல் இசபெல் புயல் அதில் பெரும்பகுதியைக் கொண்டுபோனது. 2011-இல் 1000 அடி நீளத்தில் கான்கிரீட் பாலமாகத் திரும்ப வந்தது. ஆயிரம் அடி என்பது கையை வீசி நடக்கிறவருக்குத் தூரமே இல்லை. ஐஸ் நிரப்பிய பெட்டி, உயிர் இரை நீந்தும் வாளி, நாலைந்து கோல், மடக்கு நாற்காலி, குடை, ஈயக்குண்டுப் பை எல்லாவற்றோடும் வாகன நிறுத்தத்திலிருந்து முனைவரை போய்ப் பாருங்கள், இந்த வண்டி எப்படிப் பிறந்தது என்பது தோளுக்குத் தெரிந்துவிடும்.

முனையில் நிற்பவர்கள் தனி ரகம். அவர்கள் தேடுவது கிங் மேக்கரல், நம் வஞ்சிரத்தின் நெருங்கிய உறவு. அதைப் பிடிக்க ஒரு கோல் போதாது. முதல் கோலால் சிறு நங்கூரம் ஒன்றைத் தொலைவில் எறிந்து கயிற்றை விறைப்பாக நிறுத்துவார்கள். இரண்டாம் கோலின் தூண்டிலில் உயிருள்ள மீனைக் கோத்து, துணிக்கவ்வி போன்ற ஒரு பிடியால் அந்த விறைத்த கயிற்றில் தொங்கவிட்டு, நீர்மட்டம் வரை சறுக்கி இறக்குவார்கள். இரை நீரின் மேல்தோலில் துள்ளிக்கொண்டே இருக்கும். வஞ்சிரம் பாய்ந்தால் பிடி விட்டுக்கொடுத்துவிடும். அதன்பின் சண்டை இரண்டாம் கோலுக்கும் மீனுக்கும். இரை மீனைப் பிடிக்க மூன்றாவதாக ஒரு சின்னக் கோல் வேண்டும். பிடித்த இரை சாகாமலிருக்க வாளிக்குள் காற்றுக் குமிழி விடும் கருவி வேண்டும். பாலத்தின் உயரத்திலிருந்து மீனைத் தூக்க, கயிற்றில் கட்டி இறக்கும் கொக்கியும் வேண்டும். இத்தனையும் ஒன்றோடொன்று சிக்காமல், நினைத்த மாத்திரத்தில் கைக்கு வரும்படி ஒரு வண்டியில் அடுக்குவது சாதாரணக் காரியமில்லை. மீன் பாய்ந்துவிட்ட பிறகு கொக்கியைத் தேட நேரம் கிடையாது. தேர்ந்தவரின் வண்டியில் கொக்கிக் கயிறு எப்போதும் வெளிப்புறம்தான் தொங்கும். எந்தச் சாமானும் அதன் மேல் ஏறியிருக்காது.

அலுமினியத்தில் பற்றவைத்த, ‘ஃபிஷ்-என்-மேட்’ போன்ற கடை வண்டிகள் குறை சொல்ல முடியாதவை. இருந்தாலும் என் மனம் வீட்டில் செய்தவற்றின் பக்கமே சாயும். கோல்ஃப் மட்டைப் பையை இழுக்கும் வண்டி, மூட்டை தள்ளும் இரும்புத் தள்ளுவண்டி, குழந்தைகளின் சிவப்பு இழுவண்டி, தோட்டத்து மண் வண்டி என்று எதையும் விட்டுவைக்க மாட்டார்கள். இவற்றுள் பாலத்துக்கு மிகப் பொருத்தமானது, குழந்தையை உட்காரவைத்து ஓடுகிறவர்கள் தள்ளும் மூன்று சக்கர வண்டி என்பது என் தீர்ப்பு. சைக்கிள் போல ஆரக்கால் வைத்த பெரிய சக்கரம் பலகை இடுக்குகளைப் பொருட்படுத்தாமல் உருளும். சின்னக் கெட்டிச் சக்கரமோ ஒவ்வொரு இடுக்கிலும் தடதடத்துப் பாலம் முழுவதையும் எழுப்பும். பின்னிரவில் நாற்காலியிலேயே கண்ணயர்ந்திருப்பவர்கள் அந்த ஓசையை மன்னிப்பதில்லை. அதே ஓட்ட வண்டியை மணலில் இறக்கினால் பத்தடி தாண்டாது. மெல்லிய டயர் கத்தி போல மணலை அறுத்துக்கொண்டு உள்ளே போய்விடும்.

கோல் நிறுத்தும் குழாயில்தான் கைத்திறன் தெரியும். தண்ணீர்க் குழாய்க்கு வாங்கும் அதே வெள்ளை பிவிசி, ஒன்றரை அல்லது இரண்டு அங்குலம். அதை வெட்டி ஒட்டுவதோடு நிறுத்திக்கொள்கிறவர் பாதி வேலைக்காரர். முழு வேலைக்காரர் மேல் விளிம்பைச் சூடுகாட்டி லேசாக மலர்த்துவார், கோலின் பிடி உரசிக் கிழியாமலிருக்க. ரீலின் கால் அமர ஒரு வாய் வெட்டுவார், காற்றில் கோல் சுழன்று பக்கத்துக் கோலோடு பின்னிக்கொள்ளாமலிருக்க. அடியை மூடாமல் குறுக்கே ஒரு போல்ட் மட்டும் கொடுப்பார். கோல் அதன் மேல் நிற்கும், உப்புநீர் வடிந்துவிடும். குழாய்களை ஒரே உயரத்தில் வைக்காமல் ஏறுமுகமாக வைத்திருந்தால், அந்த மனிதர் பல ரீல்கள் ஒன்றோடொன்று மோதிய அவதியை அறிந்தவர்.

அடுத்தது அச்சு. நம் மாட்டுவண்டிக்காரர்கள் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வார்களே, அந்தக் கணக்கு இங்கும் அப்படியே செல்லும். ஐஸ் பெட்டிதான் ஆகக் கனமான சாமான். அது அச்சுக்கு நேர் மேலே, தாழ்வாக உட்கார்ந்தால் கைக்கு வரும் பாரம் மிகச் சொற்பம். பெட்டியை முன்னே தள்ளி, பத்துப் பன்னிரண்டு அடிக் கோல்களைப் பின்னே செங்குத்தாக நட்டால், பக்கக் காற்று அடிக்கும்போது வண்டி குடைசாயப் பார்க்கும். மணலுக்கான வண்டிகளில் கோல்களைச் சற்றே சாய்த்து நடுவது இதனால்தான். மணலில் வண்டியைத் தள்ளவும் கூடாது, இழுக்க வேண்டும். தள்ளும்போது கையின் விசையில் ஒரு பங்கு சக்கரத்தைக் கீழே அமுக்குகிறது. இழுக்கும்போது அதே பங்கு சக்கரத்தை மேலே தூக்குகிறது. கைப்பிடி நீளமாக இருக்க வேண்டும். குட்டைப் பிடி வண்டி குதிகாலில் இடித்துக்கொண்டே வரும்.

மணல் என்றால் ஹட்டராஸ் தீவைச் சொல்லாமல் முடியாது. கேப் ஹட்டராஸ் நாட்டின் முதல் தேசியக் கடற்கரை, 70 மைலுக்கு மேல் நீளம். அங்கே ஏவன் ஊரில்தான் 1984 நவம்பரில் 94 பவுண்ட் 2 அவுன்ஸ் எடையுள்ள ரெட் டிரம் ஒன்று பிடிபட்டது. நம் கத்தாளைக் குடும்பத்து மீன் அது. உலக சாதனையாகப் பதிவாகியிருக்கிறது. அந்தக் கரையில் அனுமதிச் சீட்டு வாங்கி, டயர் காற்றை 20 பிஎஸ்ஐ அளவுக்கு இறக்கிக்கொண்டு ஜீப்பிலேயே அலை ஓரம்வரை போகலாம். ஆனால் உப்புக்கொத்தி இனப் பறவைகளும் கடலாமைகளும் முட்டையிடும் காலத்தில் சில பகுதிகளை வாகனங்களுக்கு மூடிவிடுவார்கள். ஆண்டு முழுதும் வாகனம் நுழையாத பகுதிகளும் உண்டு. நடந்து போக வழிவிட்டிருக்கும் இடங்களில் மீனவருக்குத் துணை கைவண்டிதான். பறவைக்கும் ஆமைக்கும் இடம் விட்டுக்கொடுத்து, பொதிமணலில் வியர்க்க இழுத்துப் போகிறவர்கள் மேல் எனக்குத் தனி மரியாதை உண்டு.

அங்கே உதவுவது பலூன் சக்கரம். ‘வீலீஸ்’ என்ற பெயரில் விற்கும் பாலியூரித்தேன் சக்கரங்கள் பலருக்கும் தெரிந்தவை. பூசணிக்காய் போலப் பருத்து, அமுக்கினால் குழியும். கணக்கு எளிது. வண்டியும் சாமானும் 110 பவுண்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள், அதாவது 50 கிலோ. இரண்டு சக்கரம், ஒவ்வொன்றுக்கும் 55 பவுண்ட். உள்ளே காற்று 3 பிஎஸ்ஐ, அதாவது சதுர அங்குலத்துக்கு 3 பவுண்ட் என்றால், அந்தப் பாரத்தைத் தாங்கச் சக்கரம் ஏறத்தாழ 18 சதுர அங்குலம் தட்டையாகி மணலைத் தொட வேண்டும், கிட்டத்தட்ட ஓர் உள்ளங்கை அகலம். இழுத்துப் போகிறவரின் காலடி மணலில் தரும் அழுத்தம் இதைவிட அதிகம். அவர் கணுக்கால்வரை புதைந்து நடக்கையில், பின்னால் பாரம் சுமந்த வண்டி மேலோட்டமாக உருண்டு வருவதைப் பார்ப்பது பெரிய இன்பம். இந்தச் சக்கரம் விலை கூடியது. வண்டியின் மற்ற பாகங்கள் அனைத்துக்கும் ஆன செலவை இது ஒன்றே விழுங்கிவிடுவதும் உண்டு. கொடுக்கலாம், தப்பில்லை.

உப்பு இருக்கிறதே, அது எந்த வண்டியையும் விடாது. இரும்பு பேரிங் ஒரு பருவத்திலேயே முனகத் தொடங்கும். அறிந்தவர்கள் அதை எடுத்துவிட்டு நைலான் புஷ் போடுவார்கள். அலுமினியச் சட்டத்தில் துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை முறுக்கினால் கவலையில்லை என்று நினைப்பவர் பலர். உப்புநீர் நடுவில் புகுந்தால் இரண்டு உலோகமும் சேர்ந்து மின்கலம் போல வேலை செய்து, போல்ட்டைச் சுற்றி அலுமினியம் வெள்ளைப் பொடியாக உதிரும். நடுவே ஒரு நைலான் வாஷர் வைத்தால் அந்த அரிப்பு வெகுவாகக் குறையும். வண்டியைக் குனிந்து பார்த்து அந்த வாஷர் கண்ணில் பட்டால், செய்தவருக்கு மனதுக்குள் ஒரு வணக்கம் வைப்பேன்.

மேற்குக் கரை வேறு மாதிரி. கலிஃபோர்னியாவின் பொதுப் பாலங்களில் கடல்மீன் பிடிக்க உரிமம் தேவையில்லை என்பதால் குடும்பம் குடும்பமாக வருவார்கள். காய்கறி வாங்கும் மடக்கு வண்டியில் பால் பெட்டி, அதன் மேல் ரப்பர் கயிற்றால் வரிந்து கட்டிய வாளி, பக்கத்தில் செருகிய இரண்டு கோல். அழகில் வட கரோலினாவின் முனை வண்டிகளுக்கு ஈடாகாது. வேலைக்கு அது போதும்.

நீங்களும் ஒன்று செய்ய நினைத்தால், சட்டத்துக்குப் பழைய சாமான் எதையும் எடுத்துக்கொள்ளுங்கள், குழாயை உங்கள் கோலுக்கு அளந்து வெட்டுங்கள், சக்கரத்தில் மட்டும் சிக்கனம் வேண்டாம். வீடு திரும்பியதும் மீனைக் கழுவும் முன் வண்டியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.