தேனீயா, வளையமா? 300 யூரோ கத்தி ஒன்றைப் பற்றி

300 யூரோ கொடுத்து ஒரு மடக்குக் கத்தி வாங்கலாமா? நம்ம ரூபாயில் ஏறக்குறைய 30,000. சுங்க வரி தனி. ஆப்பிள் நறுக்க, பார்சல் பிரிக்க, சணல் கயிறு அறுக்க இவ்வளவு பணமா என்று வீட்டில் கேட்டால் சட்டென்று பதில் வராது. அதனால் வாங்குவதற்கு முன்னால் அந்தக் கத்தியை ஒரு புத்தகத்தை விமர்சிப்பதுபோல எடுத்துப் பார்த்துவிடலாம் என்று தோன்றியது. அப்படிப் பார்த்ததன் குறிப்புகள்தான் இவை.

கத்தியின் பெயர் லாயோல். எழுத்துக்கூட்டிப் படித்தால் ‘லாகியோல்’ என்றுதான் வரும், ஆனால் ஊர்க்காரர்கள் வாயில் அது லாயோல். பிரான்சின் தெற்கே, அவேரோன் மாவட்டத்தில், ஒப்ராக் பீடபூமியில் கடல் மட்டத்துக்கு ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர். மாடும் பாலாடைக்கட்டியும்தான் அங்கே வாழ்க்கை. 1829ல் பியேர் ஜான் கால்மெல்ஸ் என்ற கொல்லர் அங்கே கத்தி செய்யத் தொடங்கினார் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் வரலாறு. மெல்லிய அலகு, லேசாக வளைந்த பிடி, முதுகில் நீளமான வில். யாழ்ப்பாணத்தில் மடக்குக் கத்தியை ‘வில்லுக்கத்தி’ என்பார்கள். லாயோலுக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது. அலகைத் திறந்த நிலையில் பிடித்து வைத்திருப்பது அந்த வில்லின் அழுத்தம் மட்டும்தான். பூட்டு எதுவும் கிடையாது.

இந்தக் கத்தியின் வரலாற்றில் எனக்குப் பிடித்த இரண்டு இடங்கள் உண்டு. முதலாவது, 19ஆம் நூற்றாண்டின் நடுவில் அதில் சேர்ந்த குத்தூசி. ஈரப் பசும்புல்லை அளவுக்கு மீறி மேய்ந்த மாட்டுக்கு வயிறு உப்பிப்போகும். வாயு வெளியேற வழியில்லாவிட்டால் மாடு செத்துப்போகும். மேய்ப்பவன் விலாவுக்குப் பின்னால் சரியான இடம் பார்த்துக் குத்தி வாயுவை வெளியே விட வேண்டும். மலைமேல் மருத்துவரைத் தேடி ஓட முடியாது, ஆகவே ஊசி கத்திக்குள்ளேயே வந்துவிட்டது. இரண்டாவது, 1880 வாக்கில் சேர்ந்த தக்கைத் திருகி. அவேரோனிலிருந்து பிழைப்பு தேடிப் பாரிசுக்குப் போனவர்கள் அங்கே காப்பிக் கடையும் மதுக்கடையும் வைத்தார்கள். அவர்களுக்கு நாள் முழுக்க பாட்டில் திறக்கிற வேலை. கத்தியும் அவர்களோடு சேர்ந்து தொழில் மாறியது. ஒரு ஊரின் பொருளாதாரம் மாறியதை ஒரு கத்தியின் உறுப்புகளை வைத்தே சொல்லிவிடலாம் என்றால், அது சாதாரணப் பொருள் இல்லை.

இப்போது விளம்பரங்கள் எதைப் பேசுகின்றன என்று பாருங்கள். வில்லின் தலையில் இருக்கும் தேனீ, பிடியில் பதித்த சிறு ஆணிகளால் ஆன ‘மேய்ப்பர் சிலுவை’, வில்லின் முதுகில் அரம் கொண்டு செதுக்கிய பூவேலை. தேனீயை நெப்போலியன் அந்த ஊருக்குக் கொடுத்தார் என்று ஒரு கதை சுற்றுகிறது. நெப்போலியன் இறந்தது 1821. லாயோல் கத்திகளில் தேனீ வந்தது 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில். கணக்கு உதைக்கிறது இல்லையா? மேய்ப்பர்கள் கத்தியை ரொட்டியில் செங்குத்தாகக் குத்தி வைத்து, அந்தச் சிலுவையைப் பார்த்து ஜெபித்தார்கள் என்பதும் அழகான கதைதான், ஆனால் கத்தியை விற்க அது உதவுவதைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் சந்தேகம் வரத்தான் செய்கிறது. குத்தூசியையும் திருகியையும் கொண்டுவந்தது பயன்படுத்தியவனின் தேவை. தேனீயும் பூவேலையும் வாங்குகிறவனின் கண்ணுக்காக வந்தவை.

அடுத்தது ‘கையால் செய்தது’ என்ற சொல். விலையில் பெரும்பங்கு இந்தச் சொல்லுக்குத்தான், அதனால் இதைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும். எஃகு ஆலையில் உருவாகித் தகடாக வருகிறது. அலகுக்குக் கடினத்தன்மை கொடுப்பது உலை, அதாவது வெப்பநிலையும் நேரமும். அதற்குப் பிறகுதான் ஆளின் கை நிறைய வேலை செய்கிறது: உறுப்புகளைப் பொருத்துவது, பிடியை இழைப்பது, வில்லைச் செதுக்குவது, மெருகேற்றுவது. நல்ல பட்டறைகளில் ஒரே ஆள் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரு கத்தியைக் கோர்க்கிறார். நூற்றுக்கும் மேற்பட்ட செய்முறைகள் என்று அவர்களே கணக்குச் சொல்கிறார்கள். சரி, உழைப்பு உண்மை. ஆனால் ஒரு கத்தி எப்படி வெட்டும் என்பதைத் தீர்மானிப்பவை மூன்று: எஃகு, அதைப் பதப்படுத்திய விதம், விளிம்பின் மெல்லிசும் கோணமும். கைவேலையில் பெரும்பகுதி இந்த மூன்றிலும் இல்லை, கண்ணுக்குத் தெரியும் இடங்களில்தான் இருக்கிறது.

இதைச் சோதிக்க ஒரு சுலபமான ஒப்பீடு உண்டு. அதே பிரான்சில், சவோய் மலைப்பகுதியில், 1890ல் ஜோசஃப் ஓப்பினெல் செய்யத் தொடங்கிய கத்தி. வட்டமான மரப்பிடி, ஒரே ஒரு அலகு. எட்டாம் எண் அளவுதான் எல்லோர் பையிலும் இருக்கும், அலகு எட்டரை சென்டிமீட்டர். அந்த நாட்டில் 10, 15 யூரோவுக்குக் கிடைக்கிறது. பல லாயோல் பட்டறைகள் பயன்படுத்துவது 12சி27 என்ற எஃகு. ஓப்பினெல்லின் துருப்பிடிக்காத வகையில் இருப்பதும் அதே எஃகின் சற்றே மாற்றிய வடிவம். ஆக, விலையில் இருபது மடங்கு வித்தியாசம், எஃகில் தாயாதி உறவு! மெல்லிய அலகு என்பதால் ஓப்பினெல் பழத்திலும் மரத்திலும் தாராளமாக இறங்கும்.

1955ல் ஓப்பினெல்லில் ஒரு மாற்றம் வந்தது. அதுவரை அழுத்தி வேலை செய்யும்போது அலகு மடங்கி விரலை வெட்டும் ஆபத்து இருந்தது. மார்செல் ஓப்பினெல் பிடியின் கழுத்தில் ஒரு சுழலும் உலோக வளையத்தை மாட்டினார். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். 2000த்தில் அந்த வளையம் கத்தியை மூடிய நிலையிலும் பூட்டுமாறு திருத்தப்பட்டது. லாயோலில் குத்தூசி வந்ததும் திருகி வந்ததும் எந்த வழியிலோ, அதே வழியில் வந்த வளையம் இது. என் வாதம் இவ்வளவுதான்: தேவை வந்தபோது தன்னை மாற்றிக்கொள்வதுதான் அந்த மலைக் கத்திகளின் மரபு என்றால், அந்த மரபு இன்று மலிவான கத்தியில்தான் அதிகம் உயிரோடு இருக்கிறது. விலை உயர்ந்தது மரபின் தோற்றத்தைப் பத்திரப்படுத்துகிறது.

எதிர்த் தரப்பையும் சொல்லியாக வேண்டும். ஓப்பினெல்லில் குறைகள் உண்டு. தண்ணீர் பட்டால் மரப்பிடி ஊதி, அலகு திறக்க மறுக்கும். அதன் கார்பன் எஃகு வகை நம்ம ஊர் காற்றில் எண்ணெய் போடாமல் வைத்தால் துருப்பிடித்துவிடும். நல்ல லாயோலில் அலகு இருபுறமும் உரசாமல் நடுவில் உட்கார்வதும், திறக்கும்போது வில் அதை ஒரே சீரான இறுக்கத்தில் ஏற்றுக்கொள்வதும் பொருத்துகிற ஆளின் கைப்பக்குவம். பழைய பாணி லாயோலை டக்கென்று மூடக் கூடாது, விளிம்பு வில்லில் மோதி மழுங்கும். மெதுவாக, விரலால் பிடித்துத்தான் மூட வேண்டும். இதைக் குறை என்றும் சொல்லலாம், ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கிறது என்றும் சொல்லலாம். எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது.

இன்னொரு விஷயம் இதைவிடக் கனமானது. 20ஆம் நூற்றாண்டில் லாயோல் ஊரில் கத்தித் தொழில் கிட்டத்தட்ட அற்றுப்போய், தயாரிப்பு முழுக்கத் தியேர் என்ற கத்தி நகரத்துக்குப் போய்விட்டது. 1987ல்தான் ஊரில் மறுபடியும் பட்டறை எழுந்தது. வடிவமைப்பாளர் பிலிப் ஸ்டார்க் அந்தக் கட்டடத்தின் மேல் 18 மீட்டர் உயர அலகு ஒன்றை நட்டுவைத்தார். அதற்குள், 1993ல், வெளியூர்த் தொழிலதிபர் ஒருவர் ‘லாயோல்’ என்ற பெயரைப் பலவகைப் பொருள்களுக்குத் தன் வணிகச் சின்னமாகப் பதிந்துகொண்டார். ஊர் வழக்குப் போட்டது. 2012ல் தீர்ப்பு சாதகமாக வராதபோது ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பெயர்ப் பலகையையே கழற்றி எதிர்ப்புக் காட்டினார்கள். இதற்கிடையில் ‘லாயோல்’ என்று பொறித்த கத்திகள் ஆசியத் தொழிற்சாலைகளிலிருந்தும் வந்து குவிகின்றன. தேனீயும் சிலுவையும் அவற்றிலும் இருக்கின்றன. அலங்காரத்தை நகலெடுப்பது சுலபம், பொருத்துகிற கையை நகலெடுப்பதுதான் கடினம்.

ஆகவே 300 யூரோவுக்கு நியாயமான ஒரே காரணம் அந்தக் கைதான். ‘ஆயுசுக்கும் உழைக்கும்’ என்பது காரணம் ஆகாது. பைக் கத்திகள் தேய்ந்து சாவதைவிடத் தொலைந்துபோவதுதான் அதிகம். ‘நன்றாக வெட்டும்’ என்பதும் ஆகாது, 15 யூரோவிலேயே அது கிடைத்துவிடுகிறது. ஆயிரம் மீட்டர் உயரத்தில் ஒரு ஊரில் ஒருவர் இந்தத் தொழிலைத் தொடர்ந்து செய்ய வேண்டும், அதற்கு என் பணத்தில் ஒரு பங்கு போகட்டும் என்று நினைத்தால் தாராளமாக வாங்கலாம். அப்படி வாங்குவதானால் அரிய தந்தப் பிடியும் பூவேலையும் வேண்டாம். சாதாரண மரம் அல்லது கொம்புப் பிடி, செய்தவரும் செய்த ஊரும் தெளிவாகத் தெரிகிற பட்டறை, பொருத்தம் கச்சிதம். விலை பாதியாகக் குறையும், கைவேலையின் சாரம் குறையாது.

நான் என்ன செய்யப்போகிறேன்? இந்த வருஷம் வாங்கவில்லை. தொலைந்துவிடுமோ என்று பயந்து அலமாரியில் வைத்துப் பூட்டுவேன் என்று எனக்குத் தெரியும், பூட்டி வைத்த கத்தி அந்த மேய்ப்பர்களுக்குச் செய்யும் மரியாதை இல்லை. ஓப்பினெல் எட்டாம் எண்ணும் ஒரு நல்ல சாணைக்கல்லும் வாங்கப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன். கத்திக்கு நானே தீட்டக் கற்றுக்கொண்டு, தினமும் பையில் வைத்துப் புழங்கி, ஒரு வருஷம் தொலைக்காமல் இருந்தால், அந்த எளிய லாயோலைப் பற்றி மறுபடியும் யோசிப்பேன். வில்லின் அந்த இறுக்கத்தை விரலில் உணர வேண்டும் என்ற ஆசை இத்தனை வாதத்துக்குப் பிறகும் போகவில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.