கோட்டுப்பட ஆடை விளம்பரங்கள்: கவர்ச்சியும் குறையும்

கொழும்புத் தமிழ்ப் பத்திரிகைகளில் ஆடை விளம்பரம் நெடுங்காலம் கையால் வரையப்பட்டே வந்தது. வீரகேசரி 1930இலும் தினகரன் 1932இலும் தொடங்கியபோது அச்சுக்கூடங்கள் இருந்த நிலையே அதற்கு முதற்காரணம். செய்தித்தாளின் முரட்டுக் காகிதத்தில் புகைப்படத்தைப் புள்ளிகளாக உடைத்து அச்சுத் தகடு (பிளாக்) எடுத்தால் பட்டும் பருத்தியும் ஒரே சாம்பல் திட்டாகிவிடும். கோட்டுப்படத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. துத்தநாகத் தகட்டில் கோடு மட்டும் மேலெழுந்து நிற்கும், மற்றதை அமிலம் அரித்துவிடும். செலவும் குறைவு.

இட நெருக்கடிதான் அழகையும் தந்தது. ஒரு புடவைக்கடை விளம்பரத்துக்குக் கிடைப்பது இரண்டு பத்தி அகலம்; அதற்குள் கடைப்பெயர், வீதி, பண்டிகை வாழ்த்து எல்லாம் அடங்கவேண்டும். கை தேர்ந்த ஓவியர் தோளிலிருந்து மூன்று நான்கு நீள் கோடுகளை இறக்குவார், முந்தானை வந்துவிடும். கோடு மெலிந்தால் வொயில் என்னும் மெல்லிய துணி, தடித்து மடங்கினால் பட்டு. லேக் ஹவுஸ் பத்திரிகை நிறுவனத்தில் ஓவியராக இருந்து விளம்பரத் துறைக்குப் போன ரெஜி கந்தப்பா போன்றவர்கள் இந்தச் சிக்கனத்தில் பழகியவர்கள். பாரிஸில் டியோர் ஆடை நிறுவனத்துக்கு வரைந்த ரெனே க்ரூஓவின் புகழும் விட்டுவிடத் தெரிந்த கையின் புகழே.

உள்ளாடைக்கு ஓவியம் இன்னொரு விதத்தில் உதவியது. தகப்பனும் மகளும் ஒரே தாளைப் பிரித்து வாசிக்கும் வீட்டில், உள்ளாடை அணிந்த ஒருத்தியின் புகைப்படம் சங்கடமாகும். அதற்கு நிற்க முன்வருவோரும் குறைவு. வரைந்த உருவம் யாருடைய மகளும் அல்ல. கூச்சத்துக்கும் வியாபாரத்துக்கும் இடையே இது நாகரிகமான சமரசம்தான்.

ஆனால் கோடு எதை விடுகிறது என்று பார்த்தால் மயக்கம் குறையும். சராசரி உடல் ஏழரைத் தலை உயரம். ஃபேஷன் ஓவியத்துப் பெண் ஒன்பது தலை உயரம். அந்த உடலில் விழும் மடிப்பு வாங்கியவளின் உடலில் விழாது. நிறமும் துணியின் கனமும் தெரியாது. இதைவிடப் பெரிய குறை முகத்தில் இருக்கிறது. கூந்தலுக்கு மை, முகத்துக்கு வெறும் காகிதம் என்ற வழக்கத்தால் எல்லாப் பெண்களும் வெள்ளைத் தோலினர் ஆனார்கள். குறுக்குக் கோடிட்டு மாநிறம் காட்ட முடியாததல்ல. சிவப்பழகை விரும்பிய சந்தைக்கு அது தேவைப்படவில்லை. விடுபட்டது நிறம் மட்டுமல்ல. 1933இல் வெள்ளவத்தை நெசவாலைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். துணி நெய்த அந்தக் கைகளுக்கும் விளம்பரச் சட்டத்துக்குள் இடமில்லை.

ஆவணமாக இவற்றின் மதிப்பும் அரைகுறையானதே. 1983 ஜூலையில் தமிழருக்கு எதிராக நடந்த வன்முறையில் புறக்கோட்டையிலும் வெள்ளவத்தையிலும் தமிழர் கடைகள் பல எரிந்தன. ‘நூலகம்’ என்னும் இணைய எண்ணிம நூலகத்தில் பழைய இதழ்களைத் திறப்போருக்கு எரிந்த கடையொன்றின் பெயரும் வீதி இலக்கமும் கிடைக்கலாம். கடை எப்படி இருந்தது என்பது கிடைக்காது. விளம்பரத்தில் நிற்பவள் எந்த ஊரிலும் நிற்கக்கூடியவள். அநேகமான படங்களில் வரைந்தவர் கையெழுத்துகூட இல்லை.

1977இல் இறக்குமதிக் கட்டுப்பாடு தளர்ந்தபின் துணியும் பெருகியது, வண்ண ஓப்செட் அச்சும் பரவியது. வெள்ளவத்தைக் காலி வீதிக் கடைகள் புகைப்படத்துக்கு மாறின. துணியின் நிறம் இப்போது சரியாகத் தெரிகிறது. உயரமும் வெள்ளைத் தோலும் மாத்திரம் அப்படியே தொடர்கின்றன.