அடுத்தவர் உடம்பில் ஒரு நாள்

பதினாறு வயதுக் காதலில் ஆசை எவ்வளவு உண்டோ அவ்வளவு ஆவலும் உண்டு. அவள் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருப்பாள், வீட்டில் யாருக்குப் பயப்படுவாள், யாரும் பார்க்காதபோது என்ன பாட்டை முணுமுணுப்பாள் என்று அந்த வயதுப் பையன் மணிக்கணக்கில் யோசிக்கிறான். அவனைப் பற்றி அவளும் அப்படியே. இந்த ஆவலை அதன் எல்லைவரை கொண்டுபோய்ப் பார்ப்பதுதான் உடல் மாறும் காதல் நகைச்சுவை. ஒரு நாள் திடீரென்று அவன் அவள் உடம்பில் இருக்கிறான், அவள் அவன் உடம்பில். இருவரும் வழக்கம்போலப் பள்ளிக்குப் போயாக வேண்டும். ஜப்பானில் நோபுஹிகோ ஓபயாஷி 1982இல் ‘தென்கோசெய்’ எடுத்தார். 2006இல் ஆங்கிலத்தில் ‘இட்ஸ் எ பாய் கேர்ள் திங்’ வந்தது. 2016இல் மகோதோ ஷின்காயின் ‘யுவர் நேம்’ உலகம் முழுக்க ஓடியது. தமிழ் சினிமா இந்தக் கதையைச் சுற்றிச் சுற்றி வருகிறது, உள்ளே நுழையத் தயங்குகிறது என்பது என் வருத்தம்.

மேல்விஷாரம் போன்ற ஊரிலிருந்து பார்க்கும்போது இந்தக் கதைவகையின் பலமும் ஓட்டையும் ஒருசேரத் தெரிகின்றன. ஆற்காட்டை அடுத்த இந்தப் பாலாற்றங்கரை ஊரில் உடம்பும் பிழைப்பும் ஒன்றோடொன்று ஒட்டியவை. டேனரியில் ஈரத்தோல் புரட்டுகிறவரின் தோள், ஷூ கம்பெனியில் நாள் முழுக்கத் தைக்கிற பெண்ணின் கழுத்து, கல்லூரிக்குப் போகிறவனின் விரல் என மூன்றும் வேறு வேறு வாழ்க்கையைச் சொல்லும். எந்த உடம்பு எத்தனை மணிக்கு எங்கே நிற்கலாம் என்பதற்கும் ஊருக்கு ஊர் கணக்கு இருக்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் இரண்டு பேர் உடம்பு மாறினால் மாறுவது முகம் மட்டுமாக இருக்காது.

தமிழ் சினிமாவுக்குப் பழக்கமானது வேடம். ‘அவ்வை சண்முகி’ (1996) மகளோடு இருக்க ஆசைப்படும் அப்பாவின் வேடம். ‘ரெமோ’ (2016) காதலிக்கிற பெண்ணை நெருங்க நர்ஸ் ஆகிறவனின் வேடம். வேடம் போட்ட ஆணுக்குப் பெண்களின் தனி உலகத்துக்குள் நுழைய அனுமதி கிடைக்கிறது, அங்கே நடக்கிற பேச்சு கிடைக்கிறது, வேண்டாதபோது கலைத்துவிட்டுக் கிளம்பும் வசதியும் கிடைக்கிறது. உடல் மாற்றத்தில் அந்த வசதி கிடையாது. மாதவிடாய் வலி வந்தால் அவனுக்குத்தான் வலிக்கும். பஸ்ஸில் ஒரு கை உரசினால் அது அவன்மீது உரசும். ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்குள் நுழைந்தால் அம்மா கேட்கிற கேள்விக்கு அவன்தான் பதில் சொல்ல வேண்டும். இந்தக் கதைவகையின் முதல் பலம் இதுவே: அடுத்தவர் வாழ்க்கையைத் தெரிந்துகொள்கிறவன் அதற்கான விலையையும் கொடுக்கிறான்.

நம் மரபில் இதற்குப் பஞ்சமில்லை. கூடுவிட்டுக் கூடு பாய்வதை விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்த எந்தக் குழந்தையும் அறியும். ஆனால் இளம் பருவக் காதலோடு இதைச் சேர்த்து மிக ஆழமாக எழுதியது மணிமேகலைக் காப்பியம். அரசகுமாரன் உதயகுமரனின் துரத்தலிலிருந்து தப்ப மணிமேகலை காயசண்டிகை என்ற விஞ்சைமகளின் (வித்தியாதரப் பெண்ணின்) உருவத்தை எடுத்துக்கொள்கிறாள். காயசண்டிகையின் பன்னிரண்டு ஆண்டுச் சாபம் முடிந்தும் மனைவியைக் காணாமல் தேடி வந்த அவள் கணவன் காஞ்சனன், எதிரே நிற்பது தன் மனைவி என்றே நம்புகிறான். அவளோ அவனை விட்டு விலகி உதயகுமரனிடம் போய், தலை நரைத்த ஒரு கிழவியைக் காட்டி, இளமையும் அழகும் என்ன ஆகும் என்று எடுத்துச் சொல்கிறாள். தன் மனைவி அரசகுமாரனோடு நெருங்கிப் பேசுவதாகக் காஞ்சனன் நினைக்கிறான். அன்று நள்ளிரவில் அவள் இருக்கும் இடத்துக்கு உதயகுமரன் வரும்போது காஞ்சனன் அவனை வாளால் வெட்டிவிடுகிறான். மனைவியோடு வாழ்ந்த கணவன் உடம்பைப் பார்த்து ஏமாறுகிறான். துரத்தித் திரிந்த இளைஞனோ அந்த உடம்புக்குள் இருப்பவள் யாரென்று கண்டுபிடித்துவிடுகிறான், அதற்காகவே சாகிறான். காதல் என்பது உடம்பை அடையாளம் காண்பதா, ஆளை அடையாளம் காண்பதா என்ற கேள்வி ஒரு கொலையில் போய் முடிகிறது.

திருமூலர் கதையிலும் எனக்கு முக்கியமாகப் படுவது யோகி அல்ல, மூலனின் மனைவி. சாத்தனூரில் மாடு மேய்த்த மூலன் இறந்து கிடக்கிறான். சுற்றி நின்று கதறும் பசுக்களின் துயர் தீர்க்க யோகி அந்த உடம்புக்குள் புகுகிறார். மாலையில் கணவனைத் தேடி வந்தவள் தொடப்போகிறாள், அவர் விலக்குகிறார். தனக்கும் அவளுக்கும் உறவில்லை என்கிறார். அவள் இரவெல்லாம் தூங்காமல் கிடந்து மறுநாள் ஊர்ப் பெரியவர்களிடம் முறையிடுகிறாள். அவர்கள் யோக நிலையைக் கண்டுகொண்டு அவளைத் தேற்றி அனுப்புகிறார்கள். சேக்கிழார் சில பாடல்களில் கடந்து போகிற இடம் இது. உடல் மாற்றக் கதைகளில் எப்போதும் யாரோ ஒருவர் வாசலில் நிற்கிறார், அவருடைய ஆள் திரும்பி வருவதே இல்லை. நகைச்சுவை இதை மறந்துவிடுகிறது. மாறிய இருவரின் குழப்பத்தில் சிரிக்கிற நாம், வீட்டில் இருப்பவர்கள் ஏன் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை என்று கேட்பதில்லை.

‘யுவர் நேம்’ இதைக் கேட்கிறது. மலையூர்ப் பெண் மிட்சுஹாவின் உடம்பில் தோக்கியோ பையன் தாகி இருக்கிறான். பாட்டியோடு மலையேறி, குலதெய்வத்துக்குப் படையல் வைத்துத் திரும்பும் வழியில் பாட்டி அவன் முகத்தைப் பார்த்து, நீ இப்போது கனவில் இருக்கிறாய் அல்லவா என்கிற பொருளில் அமைதியாகக் கேட்கிறாள். அந்தக் கிழவிக்குத் தன் பேத்தியைத் தெரியும் என்பதால், அவள் அங்கே இல்லாததும் தெரிகிறது. இருவரும் கைபேசியில் ஒருவருக்கொருவர் குறிப்பு எழுதி வைப்பது, என் காசைச் செலவழிக்காதே, என் தோழிகளிடம் இப்படிப் பேசாதே என்று சண்டை போடுவது எல்லாமே காதல் வளர்கிற வழி. நேரில் சந்திக்காமலே ஒருவர் வாழ்க்கையின் ஒழுங்கை இன்னொருவர் கற்றுக்கொள்கிறார்.

அதே படத்தில்தான் தாகி அவள் உடம்பில் கண்விழிக்கும் ஒவ்வொரு முறையும் மார்பைத் தொட்டுப் பார்க்கிறான். தியேட்டர் சிரிக்கிறது. அவள் சம்மதம் சொல்ல அங்கே இல்லை என்பது அந்தச் சிரிப்பில் காணாமல் போகிறது. ‘இட்ஸ் எ பாய் கேர்ள் திங்’ இன்னும் மோசம். பக்கத்து வீட்டு நெல்லும் வுடியும் முதலில் ஒருவரையொருவர் பழிவாங்க அந்த உடம்புகளையே ஆயுதமாக்குகிறார்கள். அவன் அவளுடைய உடம்பை அரைகுறையாக உடுத்திப் பள்ளிக்குக் கொண்டுபோகிறான். பிற்பகுதியில் அவளுக்காக யேல் பல்கலைக்கழக நேர்காணலுக்கு அவன் தயாராவதும், அவனுக்காக அவள் அமெரிக்கக் கால்பந்தாட்டம் பழகுவதும் அழகானவை. இன்னொருவர் கனவைத் தன் உழைப்பால் காப்பாற்றுவதை விடப் பெரிய காதல் காட்சி இந்த வகையில் இல்லை. ஆனால் முதல் பாதியில் அவள் உடம்புக்கு நடந்ததற்குப் படம் கணக்கே கேட்கவில்லை. உடம்பைக் கழற்றி மாட்டுகிற சட்டையாக நினைப்பதுதான் இந்தக் கதைவகையின் அடிப்படைப் பிழை.

அறிவியல் புனைவு கைகொடுக்க வேண்டிய இடம் இதுதான். சிலையோ சாபமோ எரிநட்சத்திரமோ காரணமானால் எது மாறியது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. அறிவியல் என்றால் விளக்கியாக வேண்டும், கதைக்கு அது நல்லது. ஸ்டாக்ஹோமின் கரோலின்ஸ்கா நிறுவனத்தில் ஹென்ரிக் ஏர்சனின் குழு 2008இல் ஒரு சோதனையை வெளியிட்டது. எதிரே நிற்பவரின் தலையில் கேமரா, பார்ப்பவரின் கண்ணில் அந்தக் காட்சி. இருவரும் கைகுலுக்கும்போது பார்ப்பவருக்கு எதிராளியின் கைதான் தன் கை என்று தோன்றிவிடுகிறது. 2020இல் அதே ஆய்வகம் நண்பர்களை ஜோடி ஜோடியாக இப்படி ‘மாற்றி’ப் பார்த்தது. நண்பரின் உடம்பில் இருப்பதாக உணர்ந்தவர்கள் தங்கள் குணத்தைப் பற்றிச் சொன்ன மதிப்பீடு அந்த நண்பரின் குணத்தை நோக்கி நகர்ந்தது. உடம்பு மாறினால் ‘நான்’ அப்படியே இருக்கும் என்று நம்புகிற எல்லாத் திரைக்கதைகளுக்கும் இது ஒரு பாடம்.

இன்னொன்றும் உண்டு. 1953இல் மூளை அறுவைக்குப் பிறகு எச்.எம். என்ற பெயரில் மருத்துவ உலகம் அறிந்த மனிதருக்குப் புதிதாக நடந்தது எதுவும் நினைவில் தங்கவில்லை. கண்ணாடியில் தெரியும் பிம்பத்தைப் பார்த்து நட்சத்திரம் வரையும் பயிற்சியை பிரெண்டா மில்னர் அவருக்குக் கொடுத்தார். நாளுக்கு நாள் கை தேறியது. பயிற்சி செய்ததே அவருக்கு ஞாபகம் இல்லை. கைப்பழக்கத்தின் நினைவு ஒரு வழி, நடந்ததன் நினைவு வேறு வழி. அப்படியானால் உடல் மாறும்போது எந்த நினைவு போகிறது, எது தங்குகிறது?

இதை மேல்விஷாரத்துக்குக் கொண்டுவந்து பார்க்கிறேன். பிளஸ் டூ முடித்துவிட்டு ஷூ கம்பெனியில் அப்பர் (ஷூவின் மேல்பாகம்) தைக்கும் பெண். 1965இல் தொடங்கிய சி.அப்துல் ஹக்கீம் கல்லூரியில் முதலாண்டு படிக்கும் பையன். அவள் உடம்பில் அவன் மெஷின் முன்னால் உட்காருகிறான். துணியில் தையல் தப்பினால் பிரித்துவிடலாம். தோலில் ஊசி இறங்கிய ஓட்டை மூடாது, அந்தத் துண்டு வீண். அவன் யோசித்து யோசித்துத் தைக்கும்போது வரிசை கோணுகிறது. பக்கத்து மெஷின் அக்கா ஏதோ கேட்க, அவன் பதில் சொல்லிக்கொண்டே கவனம் விட்ட நேரத்தில் கை தானாக ஓடி விளிம்போடு இழை பிசகாமல் தைத்துவிடுகிறது. அவன் பார்த்துத் திகைக்கிறான். சிரிப்பும் இருக்கிறது, அவளுடைய கை எத்தனை மாதம் பழகியிருக்க வேண்டும் என்ற அறிவும் அதே நொடியில் வந்துவிடுகிறது. யாருடைய மானத்தையும் வாங்காத நகைச்சுவைக்கு இவ்வளவு போதும். அதே நேரம் அங்கே இயற்பியல் வகுப்பில் அவன் உடம்பில் இருக்கும் அவள், அவன் ஒரு நாளும் கேட்காத கேள்வியை எழுந்து நின்று கேட்கிறாள்.

நம் அறிவியல் காதல் படங்கள் இந்தப் பக்கம் வரவில்லை. ‘இன்று நேற்று நாளை’ (2015) கால இயந்திரத்தை வைத்துக் கெட்டிக்காரத்தனமாகக் கதை பின்னியது, அதை ரசித்துப் பார்த்தேன். ‘அடியே’ (2023) இன்னும் நெருங்கியது: பள்ளியில் சொல்லாமல் விட்ட காதல், கண்விழித்தால் வேறோர் உலகம், அங்கே அவள் அவனுடைய மனைவி. இன்னொருவனின் வாழ்க்கைக்குள் இவன் விழுகிறான் என்பதால் இது பாதி உடல் மாற்றக் கதைதான். ஆனால் இந்தப் படங்களில் நாயகனின் காலமும் உலகமும் மாறுகின்றன, அவன் கண் மட்டும் மாறுவதில்லை. அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு நாளை அவன் வாழ்ந்தாக வேண்டிய கட்டாயம் வருவதில்லை. உணர்வை உடம்புக்கு உடம்பு கடத்தும் அறிவியலை நேராகத் தொட்ட ‘மாயவன்’ (2017) கொலைத் துப்பறியும் கதையாகிவிட்டது.

உண்மையில் தமிழில் உடல் மாற்றக் காதல் நகைச்சுவைக்கு மிக அருகே நிற்பது ‘லவ் டுடே’ (2022). காதலியின் அப்பா ஒரு நிபந்தனை போடுகிறார், காதலர்கள் ஒரு நாள் கைபேசியை மாற்றிக்கொள்கிறார்கள். இந்தத் தலைமுறைக்குக் கைபேசி இரண்டாவது உடம்பு என்பதைப் பிரதீப் ரங்கநாதன் சரியாகப் பிடித்தார். பலவீனமும் அங்கேயே இருக்கிறது. அவன் செய்த அசிங்கங்கள் அம்பலமானாலும் அவன் குற்றவாளியாகி மன்னிக்கப்படுகிறான். அவளுக்கோ அவள் எடுக்காத ஒரு வீடியோவில் அவள் முகம் ஒட்டப்பட்டு ஊரெல்லாம் சுற்றுகிறது. அவளை நம்புவதன் மூலம் அவன் நாயகனாகிறான். பரிமாற்றம் சமமாகத் தொடங்கி, விலையை அவள் தலையில் கட்டிவிட்டு முடிகிறது.

எனக்குப் பெரிய கவலை ஒன்று உண்டு. அவளைப் பற்றி எல்லாம் தெரிய வேண்டும் என்பது காதலனின் ஆசை மட்டும் அல்ல, பின்தொடர்ந்து தொல்லை கொடுக்கிறவனின் ஆசையும் அதுதான். உடல் மாற்றம் அதைக் கேட்காமலே கொடுத்துவிடுகிறது. எங்கள் ஊர் போன்ற ஊரை வைத்து எடுத்தால், புர்காவுக்குள் ஒளிந்து பெண்கள் கூட்டத்தில் புகும் நாயகனாக அது சுலபமாக இறங்கிவிடும். அப்படி ஒரு படம் வருவதற்கு எதுவும் வராமலே இருக்கலாம்.

மணிமேகலை உருமாறியது ஒருவன் தன்னைப் புரிந்துகொள்ளட்டும் என்பதற்காக அல்ல, அவன் பார்வையிலிருந்து தப்புவதற்காக. மிட்சுஹாவும் முதலில் கேட்பது காதலை அல்ல. இந்த ஊர் வேண்டாம், அடுத்த பிறவியிலாவது தோக்கியோவில் அழகான பையனாகப் பிறக்க வேண்டும் என்றுதான் கத்துகிறாள். தமிழில் எழுதப்போகிறவர் அவளிடமிருந்து தொடங்கட்டும். நெடுஞ்சாலை ஓர டீக்கடையில் இரவு ஒன்பதரைக்கு அவன் உடம்பில் தனியாக நின்று டீ குடிக்கிற பெண்ணுக்குத் திரும்பிப் போகும் அவசரம் என்ன இருக்கும்? நேரமாகிறது, மாறிக்கொள்ளலாம் என்று கெஞ்ச அவன் கிளம்ப வேண்டும். அவள் உடம்பில் இருக்கிற அவனால் அந்நேரம் அந்தக் கடைவரை வரவே முடியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைக்க வேண்டும்.