பேசாத பயணிகள்

ஷீலா பர்ன்ஃபோர்டு 1961இல் வெளியிட்ட ‘தி இன்க்ரெடிபிள் ஜர்னி’ என்னும் நாவலைப் பிரசங்கத்தில் உவமையாக்குவது எளிது. யானும் அதைச் செய்ததுண்டு: பரம வீட்டை நாடும் ஆத்துமாவின் யாத்திரை என்றேன். மீண்டும் வாசித்தபோது, அவ்விளக்கம் நூலுக்கு இழைத்த அநீதி எனக் கண்டேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாகாண வடமேற்குக் காட்டினூடே ஏறத்தாழ 250 மைல் நடப்பவை மூன்று: இளம் லாப்ரடார் நாய் லூயத், முதிய புல் டெரியர் பாட்ஜர், சயாமியப் பூனை டாவ். வீட்டுத் திசையை நாடி முன்செல்வது லூயத். கிழநாயோ தோழனைத் தொடர்கிறது. கரடிக்குட்டி அதைத் தாக்கியபோது காக்கப் பாய்ந்தது பூனையே. (கிழநாயின் தள்ளாட்டத்தை வாசிக்கையில் என் வயதும் நினைவில் வந்தது.)

நம் மொழியில் ‘விசுவாசம்’ நாய்க்கும் உண்டு, கிறிஸ்தவனுக்கும் உண்டு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் பிரசங்கி வழுக்கிச் செல்வது இச்சொல்லினால்தான். ஆசிரியையோ அவ்வாறு வழுக்கவில்லை. அன்போ இயல்பூக்கமோ என்று தீர்ப்பளியாமல், பசியையும் புண்ணையும் நடையையும் மட்டுமே காட்டுகிறார். சிலவிடங்களில் அவற்றின் மனத்துள் புகுகிறார் எனினும் வாய்ப்பேச்சு அளித்தாரல்லர்.

1963ஆம் ஆண்டு டிஸ்னி திரைப்படம் வருணனையாளர் குரலோடு அமைந்தது. 1993இல் வந்த ‘ஹோம்வர்ட் பவுண்ட்’ விலங்குகளுக்கே மனிதக் குரல் தந்தது; அவை வேடிக்கை பேசுகின்றன, காடு மௌனமிழக்கிறது.

மூன்றும் உயிரோடு சேர்வது சற்று வசதியான முடிவே. ஆயினும் சிறுவன் பீட்டர் தன் கிழநாய் இறந்துபோயிற்று என மனத்தைத் தேற்றிக்கொண்ட பின்னரே, எல்லாவற்றிற்கும் பிந்தி, அது வருகிறது.