பரிசும் கூலியும்

யூபிலி ஆண்டு நெருங்கும்போது நம் பங்குகள் பலவற்றில் இலச்சினைப் போட்டி ஒன்று அறிவிக்கப்படுவதுண்டு. வரைய வல்லவர் யாவரும் வரைந்து அனுப்பலாம். சிறந்த ஒன்றுக்குப் பரிசு உண்டு. அனுப்பப்பட்டவை அனைத்தும் பங்கிற்கே உரியவை. நானும் ஒருமுறை திருப்பலி முடிவில் இத்தகைய அறிவிப்பை வாசித்தவன்தான். முப்பதுக்கும் மேற்பட்ட படங்கள் வந்தன. ஒன்றைத் தேர்ந்தோம், ஏனையவை அலுவலக அலமாரியில் கிடந்தன. விளம்பரப் பலகை எழுதிப் பிழைக்கும் அன்பர் ஒருவர், மூன்று இரவுகள் கண்விழித்து வரைந்த தம் தாளைத் திரும்பப் பெற வந்தார். "சாமி, கோயிலுக்கு வெள்ளையடிக்க நாலு பேரை வரச்சொல்லி, நல்லா அடிச்சவனுக்கு மட்டும் கூலி கொடுப்பீங்களா?" என்று கேட்டார். அன்று என்னிடம் விடையில்லை. இக்கட்டுரை காலங்கடந்த மறுமொழியே.

போட்டி என்பதே தீதென்று நான் கூறவில்லை. 1401-இல் புளோரன்ஸ் நகரத் திருமுழுக்கு ஆலயத்தின் வெண்கலக் கதவுகளுக்காக நடந்த போட்டியைக் கலை வரலாறு இன்றும் பேசுகிறது. ஈசாக்கைப் பலியிட முனையும் காட்சியே கொடுக்கப்பட்ட பொருள். கிபெர்த்தி வென்றார், புருனெல்லெஸ்கி தோற்றார். இருவர் வார்த்த தகடுகளும் அந்நகரின் பார்ஜெல்லோ அருங்காட்சியகத்தில் இன்றும் உள்ளன. நாம் கவனிக்கத் தவறுவது ஒன்றுண்டு. போட்டியிட்டோர் எழுவர் மட்டுமே. அவர்களுக்கு ஓராண்டுக் காலமும் செலவுக்குப் பணமும் போட்டியை நடத்தியவர்களே தந்தனர் என வசாரி எழுதிவைத்துள்ளார். தோற்றவரும் வெறுங்கையோடு உழைக்கவில்லை.

நம் நாட்டில் நடந்ததை இதனோடு ஒப்பிடுவோம். 2009-இல் நடுவண் அரசின் நிதியமைச்சகம் ரூபாய்க்கு ஒரு குறியீடு வேண்டிப் போட்டி அறிவித்தது. 3,000-க்கும் மேற்பட்ட வடிவங்கள் வந்தன. 2010 ஜூலையில் தமிழகத்தைச் சேர்ந்த உதயகுமாரின் வடிவம் ஏற்கப்பட்டது. தேவநாகரி எழுத்தையும் உரோமை எழுத்தையும் இணைத்த அவ்வடிவத்தின் அழகில் ஐயமில்லை. மாணவர் ஒருவருக்கு அவ்வாய்ப்புக் கிட்டியதில் நமக்குப் பெருமையே. அவருக்கு இரண்டரை இலட்சம் ரூபாய் பரிசு. இறுதிச் சுற்றுக்கு வந்த ஐவருக்கும் ஆளுக்கு 25,000 ரூபாய். மற்றவர்களோ உழைப்போடு, நுழைவுக் கட்டணமாக 500 ரூபாயையும் செலுத்தியவர்கள். கூலி பெறவேண்டியவர் கட்டணம் செலுத்தி உழைக்கும் விந்தையை வேறெந்தத் தொழிலில் காண்கிறோம்?

திருச்சபையும் இதற்கு விலக்கன்று. 2025 யூபிலி ஆண்டின் இலச்சினைக்காக 2022-இல் உரோமையிலிருந்து உலகளாவிய அழைப்பு விடுக்கப்பட்டது. 48 நாடுகளிலிருந்து 294 படைப்புகள் வந்தன. அனுப்பியோரின் வயது 6 முதல் 83 வரை. அவ்வெண்கள் மகிழ்ச்சியோடு அறிவிக்கப்பட்டன. ஆறு வயதுக் குழந்தை வரைந்தது ஒரு செபம் என்பேன். ஆனால் வரைதலையே வாழ்வாதாரமாகக் கொண்டவரையும் அக்குழந்தையையும் ஒரே வரிசையில் நிறுத்தும்போது, தொழில் என்னும் சொல் மெல்ல மறைந்து, திறமை என்னும் சொல் மட்டும் எஞ்சுகிறது. திறமைக்குப் பாராட்டுப் போதும். தொழிலுக்குக் கூலி வேண்டும்.

இதன் விளைவை நம் ஊரிலேயே காணலாம். போட்டியில் இலவசமாக வரைந்தவர், அடுத்த முறை உரிய விலை சொன்னால், "சும்மா வரைந்து தர முப்பது பேர் இருக்கிறார்களே" என்ற மறுமொழியே கிடைக்கிறது. அவரது உழைப்பே அவரது விலையைக் குறைக்கும் கருவியாகிவிடுகிறது.

திருவிவிலியம் இதில் மௌனமாக இல்லை. கூடாரப் பணிக்கென ஆண்டவர் பெட்சலேலைப் பெயர் சொல்லி அழைத்தார். பலரை உழைக்கச் செய்து ஒருவரைத் தேர்ந்தெடுக்கவில்லை. அறுவடை செய்தோரின் பிடித்துவைக்கப்பட்ட கூலி கூக்குரலிடுவதை யாக்கோபு எழுதுகிறார். திராட்சைத் தோட்ட உவமையில் ஒரு மணி நேரம் உழைத்தவனும் முழுக்கூலி பெறுகிறான். அவ்வுரிமையாளர் யார் சிறப்பாக உழைத்தார் என்று ஒப்பிடவே இல்லை என்பதை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? ஒரு சமூக அமைப்பின் நீதியை அதில் உழைப்புக்குக் கிடைக்கும் கூலியைக் கொண்டு அளக்கவேண்டும் என்பது, 1981-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் தம் உழைப்பு பற்றிய சுற்றுமடலில் தந்த படிப்பினை.

"இறைவனுக்குத் தரும் காணிக்கைக்குக் கூலியா?" எனச் சிலர் வினவலாம். ஏழைக் கைம்பெண் தன் காசுகளைத் தானே முன்வந்து இட்டாள்; யாரும் அவளிடம் கேட்டு வாங்கவில்லை. காணிக்கை தருபவரின் விருப்பத்தில் பிறப்பது. விதிமுறைகளும் கடைசி நாளும் குறித்து நாம் கேட்டுப் பெறுவது பணியே. பணிக்கு உரியது கூலி.

ஆகவே பங்குப் பேரவைகளுக்கு என் வேண்டுகோள் இதுவே. ஓவியர்களின் முந்தைய படைப்புகளைப் பார்த்து ஒருவரைத் தேர்ந்தெடுங்கள். அவரோடு அமர்ந்து பேசி, முன்பணம் கொடுங்கள். போட்டியே வேண்டுமெனில், மூவரையோ நால்வரையோ அழைத்து, முதல் வரைவுக்கென ஒவ்வொருவருக்கும் ஒரு தொகை தாருங்கள். தேர்வுபெறாத படைப்பு படைத்தவருக்கே உரியதாகட்டும். குழந்தைகளின் ஓவியப் போட்டியைத் திருவிழா மகிழ்ச்சிக்காகத் தனியே நடத்துங்கள்.

அன்று அந்த அன்பரிடம் அவர் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். மூன்று இரவுகளின் கூலி இன்னும் என் கணக்கில் கடனாகவே நிற்கிறது.