மாடி உவமை எதை மறைக்கிறது?

குறைகடத்தி பற்றித் தமிழில் எழுதுபவர்கள் பெரும்பாலும் ஒரே உவமையைத்தான் எடுக்கிறார்கள். இணைதிறன் பட்டை கீழ்மாடி, கடத்தல் பட்டை மேல்மாடி, நடுவில் படிக்கட்டு இல்லாத இடைவெளி. எலக்ட்ரான் எகிறிக் குதித்தால் மின்சாரம் ஓடும். நானும் கருத்தறிதல் பயிற்சிக்கு இப்படி ஒரு பத்தி எழுதிக் கொடுத்திருக்கேன். மாணவர்களுக்குச் சட்டுனு புரிஞ்சிடும்.

அறிவியல் பிரிவு மாணவி ஒருத்தி கேட்டாள்: "டீச்சர், சிலிக்கான்லயும் ரெண்டு மாடி, காலியம் ஆர்சனைடுலயும் ரெண்டு மாடி. அப்புறம் ஏன் ஒண்ணு மட்டும் நல்லா ஒளி விடுது?" என் பத்தியில் அதற்குப் பதில் இல்லை.

உவமை செயலாலும் பயனாலும் வடிவத்தாலும் நிறத்தாலும் அமையும் என்று தொல்காப்பிய உவமவியலில் படிக்கிறோம் இல்லையா? மாடி உவமையில் செயல் இருக்கு, குதிப்பது. வடிவம் இல்லை. இங்கே வடிவம்தான் முக்கியம்.

அணுக்கள் நெருங்கி அமரும்போது அவற்றின் ஆர்பிட்டால்கள் கலந்து பட்டையாக விரிகின்றன. எஸ் ஆர்பிட்டால் உருண்டை. பி ஆர்பிட்டால் இரு பக்கமும் புடைத்த டம்பெல். பிறந்த வீட்டுச் சாயல் பட்டையிலும் தங்கிவிடுகிறது. காலியம் ஆர்சனைடில் இணைதிறன் பட்டையின் உச்சி பெரும்பாலும் ஆர்சனிக்கின் பி. கடத்தல் பட்டையின் அடி எஸ் சாயல். பி-க்கும் எஸ்ஸுக்கும் இடையே தாவ ஒளி வழிவிடும்; எஸ்ஸிலிருந்து எஸ்ஸுக்கு விடாது. அதோடு, இந்த உச்சியும் அடியும் ஒரே உந்தத்தில் நேருக்கு நேர் நிற்கின்றன. ஆகவே 1.42 எலக்ட்ரான் வோல்ட் இறங்கும் எலக்ட்ரான் அந்த ஆற்றலை நேராக ஒளியாகவே தந்துவிடும்.

சிலிக்கானில் இடைவெளி 1.12தான், இன்னும் சின்னது. உச்சி அங்கேயும் பி சாயல். ஆனால் அதற்கு நேர் மேலே இருக்க வேண்டிய எஸ் சாயல் நிலை வெகு உயரத்துக்குப் போய்விட்டது. பட்டையின் அடி எஸ்ஸும் பியும் கலந்து, வேறொரு உந்தத்தில் தள்ளி நிற்கிறது. படிகத்தின் அதிர்வு கைகொடுத்தால்தான் எலக்ட்ரான் ஒளிவிட்டு இறங்க முடியும். அதனால் ஒளி மிகக் குறைவு. ஆற்றலில் பெரும்பங்கு வெப்பமாகவே போய்விடும். மாடியின் உயரத்தை எவ்வளவு அளந்தாலும் இது தெரியாது.

இன்னொரு குறை சொல்லில் இருக்கு. ஆர்பிட்டாலைச் சிலர் 'சுற்றுப்பாதை' என்று எழுதிவிடுகிறார்கள். அது கோள் ஓடும் வழி. ஆர்பிட்டால் என்பது எலக்ட்ரான் இருக்க அதிக வாய்ப்புள்ள இடம். பாதை என்றதுமே உருண்டையும் டம்பெல்லும் காணாமல் போய்விடும். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் 'ஆர்பிட்டால்' என்றே எழுதுகின்றன. தூய தமிழ் வேண்டும் என்பதற்காக நாம் தப்பான சொல்லைப் பிடித்துக்கொள்ள வேண்டாமே.

மாடியை நான் இன்னும் தூக்கி எறியவில்லை. தொடக்கத்துக்கு அது போதும். பத்தியில் வடிவங்களைப் பற்றி மூன்று வரி சேர்த்துவிட்டு, கடைசிக் கேள்வியை மட்டும் மாற்றினேன்: 'இவ்வுவமை பொருந்தாத ஓர் இடத்தைக் காட்டி விளக்குக.' நான்கு புள்ளி.