அடித்த கை, பிடித்த கை

லண்டன் டேட் பிரிட்டன் அருங்காட்சியகத்தில் 2019 பிப்ரவரி முதல் மே வரை டான் மக்கல்லினின் புகைப்படங்கள் காட்சிக்கு இருந்தன. 250-க்கும் மேற்பட்ட படங்கள், ஏறத்தாழ அறுபதாண்டு வேலை. சைப்ரஸ், காங்கோ, வியட்நாம், பியாஃப்ரா, கம்போடியா, வங்கதேசம், வட அயர்லாந்து, பெய்ரூட் என்று ஒவ்வொரு போராகக் கடந்து போகவேண்டும். உள்ளே நல்ல கூட்டம். ஆனால் சத்தமே இல்லை. ஒருவர் நகர்ந்ததும் அடுத்தவர் அந்த இடத்தில் போய் நிற்கிறார். கூட வந்த நண்பன் என் காதருகே, "கோயில் மாதிரி இருக்குடா" என்றான். பாராட்டாகத்தான் சொன்னான். எனக்கு அந்தச் சொல் உறுத்தியது. சில வருடங்கள் கழிந்தும் உறுத்துவதால்தான் இதை எழுதுகிறேன்.

மக்கல்லின் 1935-இல் பிறந்தவர். வடக்கு லண்டனில் ஃபின்ஸ்பரி பார்க் என்ற வறிய பகுதியில் வளர்ந்தவர். சிறுவயதிலேயே அப்பா இறந்துபோக, படிப்பு அத்தோடு நின்றது. விமானப்படையில் கட்டாயச் சேவை செய்தபோது நைரோபியில் ஒரு கேமரா வாங்கினார். ஊர் திரும்பியதும் காசில்லாமல் அதை அடகு வைத்தார். அவருடைய அம்மாதான் மீட்டுக் கொடுத்தார். நகையை மீட்பது நமக்குத் தெரியும், கேமராவை மீட்ட அம்மாவை இப்போதுதான் கேள்விப்படுகிறேன். தன் தெருப் பையன்களை ஓர் இடிந்த வீட்டில் நிற்கவைத்து அதே காலத்தில் அவர் ஒரு படம் எடுத்திருந்தார். அந்தக் கும்பலின் பெயர் ஒரு காவலர் கொலையில் அடிபட, 'அப்சர்வர்' 1959-இல் அந்தப் படத்தை வெளியிட்டது. அவருடைய தொழில் தொடங்கியது அங்கேதான். இதை ஏன் சொல்கிறேன் என்றால், மேலிருந்து கீழே பார்க்கும் கண் அல்ல அவருடையது. பசியைப் படமெடுக்கப் போவதற்கு முன்பே பசி என்றால் என்னவென்று அவருக்குத் தெரியும்.

அவருடைய படங்களிலேயே அதிகம் பேசப்பட்டது 1968-இல் ஹுவே நகரப் போரில் எடுத்தது. ஓர் அமெரிக்க மரைன் வீரன், இரண்டு கைகளாலும் துப்பாக்கியைப் பிடித்தபடி உட்கார்ந்திருக்கிறான். தொப்பியின் நிழலுக்குள் கண்கள் திறந்திருக்கின்றன. அவை எதையும் பார்க்கவில்லை. அடுத்தடுத்து ஐந்து முறை அவனை எடுத்ததாகவும், ஐந்திலும் எந்த மாற்றமும் இல்லை, அவன் கண்கூடச் சிமிட்டவில்லை என்றும் மக்கல்லின் சொல்லியிருக்கிறார். பொதுவாக ஒரு நல்ல போர்ப்படம் என்றால் ஒரு நொடியைப் பிடித்த படம் என்போம். இங்கே பிடிப்பதற்கு நொடியே இல்லை. அந்த ஆளுக்குள் காலம் நின்றுபோய்விட்டது. நிழற்படக் கருவி செய்யவேண்டிய வேலையைப் போர் முன்பே செய்து முடித்துவிட்டது.

அதே ஊரில் எடுத்த இன்னொரு படம். இறந்து கிடக்கும் வட வியட்நாம் வீரன் ஒருவன், அவன் முன்னால் சிதறிய தோட்டாக்கள், சில புகைப்படங்கள், சில்லறை உடைமைகள். அந்தப் பொருட்களை அப்படி அடுக்கிவைத்தது தான்தான் என்று மக்கல்லினே ஒத்துக்கொண்டிருக்கிறார். அமெரிக்க வீரர்கள் அவன் உடலைத் துழாவிவிட்டுப் போனதைப் பார்த்தபின், அவனும் ஒரு மனிதன் என்று யாராவது சொல்லவேண்டும் என்று தோன்றியதாம். "அப்ப இது செட்டப்தானே?" என்று இன்று யாராவது எளிதாகக் கேட்டுவிடலாம். கேட்கவும் வேண்டும். செய்திப் படத்தின் முதல் விதியை அவர் மீறியிருக்கிறார். ஆனால் அந்த அடுக்கலில் எனக்குத் தெரிவது இறந்தவனுக்குச் செய்யும் ஏதோ ஒரு கடைசிக் காரியம். எதிரியாகக் கிடந்தவனுக்கு, அந்த ஊரே அல்லாத ஒருவர் செய்தது. விதி மீறல்தான், மறுக்கவில்லை. அதை அவர் ஒளிக்கவில்லை என்பதால் அந்தப் படத்தை என்னால் இப்போதும் நம்ப முடிகிறது.

இனி தலைப்பில் உள்ள இரண்டு கைகளுக்கு வருகிறேன். இரண்டுமே இந்தக் கண்காட்சியின் சுவரில் கிடையாது.

முதல் கை பியாஃப்ராவைச் சேர்ந்தது. நைஜீரியாவிலிருந்து பிரிந்த அந்த நாடு 1967 முதல் 1970 வரை போரிலும் முற்றுகையிலும் பட்டினி கிடந்தது. அங்கே ஒரு முகாமில் உடலில் நிறமி இல்லாமல் பிறந்த ஒரு சிறுவனை மக்கல்லின் எடுத்தார். குச்சிக் கால்கள், உடலைவிடப் பெரிதாகத் தெரியும் தலை, கையில் காலியான இறைச்சி டின். பட்டினி கிடந்த கூட்டத்திலும் நிறத்துக்காக ஒதுக்கப்பட்ட பிள்ளை. படத்தில் அவன் நம்மைப் பார்த்து நிற்கிறான், அவ்வளவுதான். 1990-இல் வந்த தன் வாழ்க்கை வரலாற்று நூலில் மக்கல்லின் மிச்சத்தைச் சொல்கிறார். அந்தப் பையனைப் பார்க்கவே முடியாமல் அவர் வேறு பக்கம் திரும்பி நின்றிருக்கிறார். கொஞ்ச நேரத்தில் கையில் ஏதோ பட்டிருக்கிறது. பார்த்தால், அந்தப் பையன் நெருங்கி வந்து அவர் கைக்குள் தன் கையை வைத்திருக்கிறான். பையைத் துழாவி ஒரு மிட்டாயை எடுத்து மற்றவர்கள் பார்க்காமல் கொடுத்திருக்கிறார்.

இரண்டாவது கை 1982-இல் பெய்ரூட்டில். குண்டுவீச்சில் வீட்டையும் குடும்பத்தையும் இழந்து கதறி வந்த ஒரு பாலஸ்தீனப் பெண்ணை அவர் படமெடுத்தார். அந்த அம்மா நேராக வந்து அவரை அடித்தார். பிறகு அவரும் கொல்லப்பட்டார் என்று மக்கல்லினுக்குச் செய்தி வந்தது. அந்த அடியை வாங்க வேண்டியவன்தான் நான் என்ற தொனியில்தான் அவர் அதைச் சொல்லிவந்திருக்கிறார்.

பிடித்த கையும் அடித்த கையும் சொல்வது ஒன்றைத்தான். படத்துக்குள் இருப்பவர்களுக்கு எதிரே நிற்கும் ஆள் ஒரு சாட்சி அல்ல. உதவி கேட்கத் தக்க ஒரு மனிதன், அல்லது கோபப்படத் தக்க ஒரு மனிதன். சுவரில் மாட்டியதும் அந்த உறவு அறுந்துபோகிறது. நம் கையை யாரும் பிடிக்கப் போவதில்லை, நம்மை யாரும் அடிக்கப் போவதும் இல்லை. பயமில்லாமல் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்த்துக்கொண்டிருக்கலாம். என்னை உறுத்திய 'கோயில்' இதுதான். அங்கே நாம் கண்கலங்கி நிற்கிறோம், நம்மிடம் யாரும் கணக்குக் கேட்பதில்லை.

இந்தப் படங்கள் பிறந்த இடம் வேறு. 1966 முதல் 1984 வரை மக்கல்லின் 'சண்டே டைம்ஸ்' இதழுக்கு வேலை பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை காலை முட்டையும் டோஸ்டும் சாப்பிடும் மேசையில் பியாஃப்ராவின் குழந்தை வந்து விழுந்தது. பக்கத்தைத் திருப்பினால் கார் விளம்பரம், மதுபான விளம்பரம். அசிங்கமான சேர்க்கைதான். ஆனால் அந்த அசிங்கத்துக்குள் ஓர் உண்மை இருந்தது: நீ சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது இது நடக்கிறது. கண்காட்சியில் அந்த இதழ்ப் பக்கங்களையும் காட்டினார்கள். பெரும்பாலோர் அவற்றை வேகமாகக் கடந்து, சட்டமிட்ட பிரதிகளிடம் போனார்கள். நானும்தான். பிறகு யோசித்தால், கண்காட்சியின் மையமாக இருந்திருக்க வேண்டியவை அந்தப் பக்கங்கள்தான் என்று படுகிறது.

இன்னொரு குறை. பெரும்பாலான படங்களின் கீழே இடமும் ஆண்டும் இருந்தன, பெயர் இல்லை. அந்த மரைன், அந்தச் சிறுவன், அந்தத் தாய் எல்லோரும் பெயரில்லாதவர்கள். மனதில் நிற்கும் பெயர் மக்கல்லினுடையதுதான். கம்போடியாவில் தோட்டா பாய்ந்து அவர் உயிரைக் காத்த நிக்கான் கேமரா அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்தது. அதைச் சுற்றி எப்போதும் நாலு பேர். அவருடைய குற்றவுணர்வு உண்மையானது, ஐயமே இல்லை. ஆனால் அதையே திரும்பத் திரும்பக் கேட்கும்போது, பியாஃப்ராவின் பட்டினி ஓர் ஆங்கிலேயரின் மனசாட்சிக் கதைக்குப் பின்னணியாக மாறிவிடும் ஆபத்து இருக்கிறது. அவரைவிட அருங்காட்சியகம்தான் இதில் எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும்.

இவ்வளவும் எழுதிவிட்டு எனக்கு நானே ஒன்றைக் கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'அப்ப அவர் போயிருக்கவே கூடாதா?'

1982-இல் ஃபாக்லாந்து போருக்குப் போக மக்கல்லினுக்குப் பிரிட்டிஷ் அரசு அனுமதி தரவில்லை. அவரை உள்ளே விடாததால் அந்தப் போரில் செத்தவர்கள் குறைந்துவிடவில்லை. 2009-இல் வன்னியில் சுயாதீனச் செய்தியாளர்களை இலங்கை அரசு போர்ப் பகுதிக்குள் விடவில்லை. நமக்கு வந்து சேர்ந்தவை உள்ளே அகப்பட்டவர்கள் உயிரைப் பணயம் வைத்து எடுத்தவையும், கொன்றவர்களே கைப்பேசியில் எடுத்துக்கொண்டவையும். அவற்றை எந்த அருங்காட்சியகமும் சட்டமிட்டு மாட்டவில்லை. அவை உண்மையா பொய்யா என்றே வருடக்கணக்கில் வாதாடினார்கள். வெளியிலிருந்து வந்த ஒரு கண், பேரம் பேச முடியாத ஒரு சாட்சி அன்று அங்கே இருந்திருந்தால் என்று நினைக்காத தமிழர் உண்டா? அந்நியனின் கேமராவைச் சந்தேகிக்கிற எனக்கு, அது இல்லாமல் போன இடம் எப்படி இருக்கும் என்பதும் தெரிந்திருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் சுமக்கவேண்டும். ஒன்றை வைத்து மற்றதை அழிக்க முடியவில்லை.

படங்கள் போரை நிறுத்திவிடவில்லை என்ற கசப்பை மக்கல்லின் ஒருபோதும் மறைத்ததில்லை. சூசன் சொண்டாக் 1977-இல், அதிர்ச்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்து நாம் மரத்துப் போகிறோம் என்று வாதிட்டார். 2003-இல் அதே வாதத்தை அவரே திரும்பிப் பார்த்து ஐயப்பட்டார். எனக்கு அந்த இரண்டாவது சொண்டாக்கைத்தான் பிடிக்கும். மரத்துப்போவது படத்தின் குணமல்ல, பார்ப்பவரின் வசதி.

கடைசியில் சாமர்செட் நிலக்காட்சிகள். போரிலிருந்து விலகி அவர் வாழும் ஊர். வெள்ளம் தேங்கிய வயல்கள், இலை உதிர்ந்த மரங்கள், மேகம். எல்லாப் பிரதிகளையும் அவரே தன் இருட்டறையில் அச்சிட்டவர். இவற்றையும் அதே கருமையில் அச்சிட்டிருக்கிறார். இது ஆறுதல் என்று பலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வானத்தின் கீழே இன்னும் யாரோ கிடப்பது போலவே இருந்தது.

வெளியே வரும் வழியில் கடை. நண்பன் அந்த வயல்வெளிப் படம் ஒன்றின் தபாலட்டையைக் கையில் எடுத்துப் பார்த்தான். "இதை வீட்ல மாட்டலாம்ல?" என்றான். "மாட்டலாம்" என்றேன். கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் திரும்ப அடுக்கில் வைத்துவிட்டான். ஏன் என்று நான் கேட்கவில்லை.